மீன் தொட்டிக்கு மூடி இருக்கிறதா?





நுகேகொடையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெருநாள் காசைச் சேர்த்து வைத்து அவருடைய மகன் ஆசையாக வாங்கி வளர்த்த மீன் ஒன்று, ஸுபஹுத் தொழுகைக்கு எழுந்து பார்க்கும்போது தொட்டிக்கு வெளியே செத்துக் காய்ந்து கிடந்ததாம். "வீட்டுக்கு வரவிருந்த பலாய் முஸீபத்தை அந்த மீன் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது" என்று மாமி ஆறுதல் சொன்னாராம். "வாயில்லா ஜீவனை அடைத்து வைத்தால் இப்படித்தான் நடக்கும், மீன் வளர்ப்பதே பாவம்" என்று பக்கத்து வீட்டு ராத்தா சொன்னாராம். பிள்ளையோ இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போதாததற்கு, மீன் விழுந்து கிடந்தது தொழுகை விரிப்பின் மேல். விரிப்பைக் கழுவ வேண்டுமா, மீன் வளர்ப்பது கூடுமா, பலாய் போகும் என்பது உண்மையா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

கடிதம் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்திலும் தொட்டிக்கு மூடி இருந்ததா என்பது மட்டும் இல்லை. இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நமது வீடுகளில் பெரும்பாலான மீன் தொட்டிகள் வாய் திறந்தபடிதான் இருக்கின்றன. கடையில் வாங்கும்போது கல், செடி, பிளாஸ்டிக் மாளிகை, கலர் லைட் எல்லாம் கேட்டு வாங்குகிறோம். மூடியைக் கேட்பவர் குறைவு.

முதலில் மார்க்கச் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு சின்னத் தம்பி இருந்தார். அவர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக் கொண்டிருப்பார். ஒரு நாள் நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது பிள்ளை கவலையோடு இருப்பதைக் கண்டார்கள். குருவி செத்துப்போனது என்று வீட்டார் சொன்னார்கள். அப்போது நபியவர்கள் அந்தச் சின்னப் பிள்ளையைப் பெரிய மனிதரைப் போல அபூ உமைர் என்று விளித்து, குருவிக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் இது. ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இப்னுல் காஸ் (ரஹ்) என்ற இமாம், ஒரு வரிகூட நீளாத இந்த விசாரிப்பை வைத்து அறுபது பயன்களை எடுத்துத் தனியாக ஒரு நூலே எழுதினார். பிள்ளைகள் பறவை போன்றவற்றை அடைத்து வளர்க்கலாம், ஆனால் வதைக்கக் கூடாது என்பதையும் அறிஞர்கள் இதிலிருந்தே எடுத்தார்கள். மீனுக்கும் அதே சட்டம்தான். ஆகவே பக்கத்து வீட்டு ராத்தா கவலைப்பட வேண்டியதில்லை. வளர்ப்பது கூடும்.

ஆனால் கூடும் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். அவள் அதற்குத் தீனியும் போடவில்லை, தானாகப் போய் எதையாவது பிடித்துத் தின்னவும் விடவில்லை. அதனால் தண்டிக்கப்பட்டாள். குற்றம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். வெளியில் திரியும் பூனை தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். அதன் வழியை எப்போது நாம் அடைத்தோமோ, அப்போதிருந்து அதன் பொறுப்பு நம் தலையில் வந்துவிடுகிறது. நமது ஃபிக்ஹு நூல்களில் மனைவி மக்களுக்குச் செலவழிப்பது பற்றிய பாடத்திலேயே, ஒருவர் வைத்திருக்கும் பிராணிகளைப் பராமரிப்பதும் வாஜிப் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஓடையில் துள்ளும் மீன் மறுபடியும் ஓடையில்தான் விழும். நமது வரவேற்பறையில் துள்ளினால் டைல்ஸ் தரையில் விழும். அந்தத் தரையை அங்கே வைத்தவர்கள் நாம்.

மாமி சொன்ன விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. மூத்தவர்கள் மனம் நோகக் கூடாது. ஆனால் இது அகீதா சம்பந்தப்பட்டது. அரோவானா என்ற மீனை வளர்த்தால் செல்வம் வரும், ஃப்ளவர்ஹோர்ன் என்ற மீனின் தலையிலுள்ள புடைப்பு பெருத்தால் வியாபாரம் பெருகும், அது செத்தால் வீட்டுக்காரருக்கு வர இருந்த ஆபத்தை அது வாங்கிக்கொண்டது என்றெல்லாம் ஒரு நம்பிக்கை கிழக்காசிய நாடுகளிலிருந்து வந்து, மீன் கடைகள் வழியாக நமது வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. 'பலாய்' என்ற நமது சொல்லைப் போர்த்திக்கொண்டதால் அது மார்க்கத்தில் உள்ளது போலத் தோன்றுகிறது. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். அவர்களுடைய அருமை மகன் இப்ராஹீம் (ரலி) வபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகத்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துக்கத்தில் இருந்த அந்த நேரத்திலும் நபியவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களை அழைத்துச் சொன்னார்கள். நபியின் மகன் விஷயத்திலேயே இப்படியென்றால், ஒரு மீனின் சாவில் நமது தலைவிதியைத் தேடுவது எப்படிச் சரியாகும்?

இதில் இன்னொரு கெடுதியும் இருக்கிறது. பலாய் போய்விட்டது என்று நினைப்பவர் மூடி வாங்க மாட்டார். அடுத்த மீனும் துள்ளும்.

மூன்றாவது, விரிப்பு. செத்த மீன் நஜீஸ் அல்ல. செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும் நமக்கு ஆகுமாக்கப்பட்டவை என்ற ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. ஆகவே மீன் விழுந்ததால் விரிப்பு அசுத்தமாகிவிடாது. ஆனால் தொட்டித் தண்ணீரில் மீனின் கழிவு கலந்திருக்கிறது. நமது மத்ஹபில் அது நஜீஸ் வகையில் சேரும். எனவே தண்ணீர் பட்ட இடத்தைக் கழுவிவிடுவது பேணுதல். கழுவிக் காயப்போட்டுவிட்டுத் தொழுங்கள். இதற்கு மேல் வஸ்வாஸ் வேண்டாம்.

சரி, மீன் ஏன் துள்ளுகிறது?

வெள்ளிக்கிழமைகளில் ஸூரத்துல் கஹ்பு ஓதுகிறீர்கள். மூஸா (அலை) அவர்களுடன் போன வாலிபர் கொண்டு சென்ற மீன், பாறைக்குப் பக்கத்தில் நழுவிக் கடலுக்குள் வழி பிடித்துப் போன வரலாறு அதில் வருகிறது. அது அல்லாஹ்வின் அத்தாட்சி. அந்த மீன் தண்ணீரை நோக்கிப் போனது. நமது வீட்டு மீன் தண்ணீரை விட்டு வெளியே பாய்கிறது. வெளியே தரை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது அறிந்ததெல்லாம், இந்தத் தண்ணீர் சரியில்லை, துள்ளினால் பக்கத்துத் தண்ணீரில் விழலாம் என்பதுதான். காட்டு ஓடையிலும் வயலிலும் அந்தக் குணம் அதைக் காப்பாற்றுகிறது.

சில மீன்கள் பிறவியிலேயே துள்ளுபவை. அரோவானா ஆற்றின் மேலே தொங்கும் கிளையில் இருக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் மீன். ஹெச்செட் மீனுக்கு நெஞ்சுச் செட்டைத் தசைகள் பெரிதாக இருக்கும், அது எம்பிப் பாயவே படைக்கப்பட்டது. நம் நாட்டிலேயே மல்புலுத்தா என்ற ஒரு சின்ன மீன் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். தென்மேற்குப் பகுதியின் நிழலான ஓடைகளில் இலைச் சருகுகளுக்கிடையில் வாழ்கிறது. 1937இல் பி. ஈ. பி. தெரணியகல என்ற அறிஞர்தான் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். விரல் நீளம்கூட இல்லாத இந்த மீன், மூடியில் விரல் நுழையும் ஓட்டை இருந்தாலும் அது வழியாகப் பாய்ந்துவிடும் என்பது மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. அருகி வரும் இனம் என்பதால், ஓடையிலிருந்து பிடித்து வந்தது என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பைட்டர், கௌராமி, டேனியோ, கப்பி எல்லாமும் துள்ளக் கூடியவைதான். புதிதாகக் கொண்டுவந்து விட்ட கோய் முதல் சில நாட்கள் நிலைகொள்ளாமல் பாயும்.

துள்ளும் குணமுள்ள மீன் எல்லா நாளும் துள்ளுவதில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் துள்ளியது என்று பார்த்தால் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும். தண்ணீர் கெட்டிருக்கலாம். மீதித் தீனியும் கழிவும் அழுகி அமோனியா உண்டாகும். கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகத் தெரியும், மீனுக்கு மட்டும் செவுள் எரியும். அல்லது அன்று தண்ணீர் மாற்றியிருப்பீர்கள். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். அதை நேரே ஊற்றினால் மீனுக்குத் தாங்காது. வாளியில் பிடித்து ஒரு நாளாவது திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் முறிக்கும் துளிகளைச் சேருங்கள். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு நாலில் ஒரு பங்கு போதும். பெரிய மீன் ஒன்று சின்ன மீனை விரட்டிக்கொண்டிருக்கலாம். ஓரிடத்தில் ஒளிந்துகொள்ளச் செடியோ சட்டித் துண்டோ இல்லாவிட்டால் அதற்கு மேலே ஒரு வழிதான் மிச்சம்.

வெளிச்சம் இன்னொரு காரணம். இதைச் சொல்பவர்கள் குறைவு. இருட்டில் அசையாமல் நிற்கும் மீனுக்கு மேலே திடீரென்று லைட் போட்டால் அது பதறி எம்பும். நமது வீடுகளில் தஹஜ்ஜுதுக்கும் ஸுபஹுக்கும் எழும்புகிறோம். நோன்பு காலத்தில் ஸஹர் நேரத்தில் வீடு முழுவதும் விழித்திருக்கும். அப்போது முதலில் தூரத்து அறை விளக்கைப் போடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி இருக்கும் அறை விளக்கு. தொட்டிக்குள் இருக்கும் விளக்கைக் கடைசியாகப் போடுங்கள். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டி விளையாடுவதையும் நிறுத்துங்கள்.

பிறகு கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருண்டது. அந்த நேரங்களில் எயார் பம்ப் நின்றுபோகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது ஒட்சிசன் குறைந்ததற்கு அடையாளம். மேலே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் மீன்களில் ஒன்று துள்ளிவிடும். கரண்ட் போனால் தீனி போடாதீர்கள். ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றுங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் காற்று கலக்கும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். பற்றரியில் ஓடும் சிறிய பம்ப்களும் கிடைக்கின்றன.

இனி மூடி. இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள், மூட எதுவும் இல்லாவிட்டால் அல்லாஹ்வின் பெயர் சொல்லி ஒரு குச்சியையாவது குறுக்கே வையுங்கள் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அது உண்ணும் பருகும் பாத்திரங்களைப் பற்றி வந்தது. மீன் தொட்டிக்கு ஆதாரமாக அதை இழுக்க நான் வரவில்லை. ஆனால் படுக்கப் போகுமுன் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பாத்திரத்தை மூடுகின்ற ஒரு உம்மாவின் கை, அப்படியே இரண்டடி தள்ளி இருக்கும் தொட்டியையும் மூடிவிட்டால் என்ன?

கடையில் தொட்டி அளவுக்கு மூடி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கண்ணாடிக் கடையில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டித் தருவார்கள். ஒரே துண்டாக வெட்டாதீர்கள். இரண்டு துண்டாக வெட்டினால் ஒன்றை மட்டும் நகர்த்தித் தீனி போடலாம். விளிம்புகளைத் தீட்டித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளின் கை வெட்டுப்படும். பின்பக்க மூலையில் பம்ப் குழாயும் வயரும் போக ஒரு சின்ன வெட்டு விடச் சொல்லுங்கள். அந்த வெட்டைத்தான் மீன் கண்டுபிடிக்கும். எனவே அதைச் சுற்றி ஒரு துண்டு நைலோன் வலையை மடித்து அடைத்துவிடுங்கள். விளக்கு வயர் தொட்டியிலிருந்து நேரே ப்ளக்குக்குப் போகாமல், ப்ளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். மூடியில் சேரும் நீராவி வயர் வழியாக வழிந்து வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கண்ணாடிக்குக் காசு இல்லையென்றால் பரவாயில்லை. நுளம்பு வலைத் துண்டை இறுக்கமாக இழுத்து, சுற்றிவர இறப்பர் நாடா அல்லது கிளிப் போட்டுவிடலாம். சின்ன மீன்களுக்கு அது தாராளம். அரோவானா போன்ற பெரிய மீனுக்கு வலையும் போதாது, பாரமில்லாத மூடியும் போதாது, முட்டித் தள்ளிவிடும். அதற்கு நாலு மூலையிலும் கிளிப் வேண்டும்.

ஒரு கவனம். மூடி என்றவுடன் சிலர் பொலித்தீனைப் போர்த்திக் காற்றுப் போகாமல் கட்டிவிடுகிறார்கள். பைட்டர், கௌராமி போன்ற மீன்கள் தண்ணீருக்கு மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிப்பவை. மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு மூன்று அங்குலமாவது இடைவெளி விடுங்கள். இந்த இடைவெளியே துள்ளுவதையும் குறைக்கும், எம்பினாலும் தலை மூடியில் பலமாக அடிபடாது. விளிம்புவரை தண்ணீர் நிரப்புவது பார்வைக்கு அழகாக இருக்கலாம், மீனுக்கு அது திறந்த வாசல். மிதக்கும் நீர்ச்செடி கொஞ்சம் போட்டால் மேலே நிழல் கிடைத்து மீன் அமைதியாக இருக்கும்.

மூடியால் வேறு நன்மைகளும் உண்டு. பூனை கை போடாது. தவழும் பிள்ளை எதையும் உள்ளே எறியாது. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 56 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் மட்டுமே 56 கிலோ பாரம். ஆட்டம் காணும் மேசையில் அதை வைத்துவிட்டு மூடியைப் பற்றி மட்டும் யோசிப்பதில் அர்த்தமில்லை.

மீன் வெளியே விழுந்து கிடந்தால் உடனே செத்ததென்று தூக்கி எறிய வேண்டாம். மீனின் செவுள் மெல்லிய இழைகளாக ஆனது. தண்ணீரில் அவை விரிந்து நிற்கும், காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சுற்றிலும் காற்று இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகிறது. உடம்பு ஈரமாக இருந்தால், செவுள் மூடி சிறிது அசைந்தால், உயிர் இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு தூக்குங்கள். உலர்ந்த கையாலோ துணியாலோ பிடித்தால் உடம்பின் வழுவழுப்பான பாதுகாப்புப் படலம் உரிந்துவிடும். குழாய்த் தண்ணீரில் போடாமல் அதே தொட்டித் தண்ணீரை ஒரு பேசினில் எடுத்து அதில் விடுங்கள். ஒட்டியிருக்கும் தூசியும் முடியும் தண்ணீரில் தானாகக் கழன்றுவிடும், பிய்க்க வேண்டாம். எயார் பம்ப் குமிழிகளுக்குப் பக்கத்தில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து விட்டுவிடுங்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம். பைட்டர் மீன்கள் ஈரமிருந்தால் கூடுதல் நேரம் தாங்கும், அவற்றில் நம்பிக்கை அதிகம்.

சில வீடுகளில் மீன் செத்தபின் சலித்துப்போய்த் தொட்டியைப் பல்கனியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் நிரம்பும், நுளம்பு முட்டையிடும். 2017இல் மட்டும் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்குச் சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள். வெற்றுத் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மீன் வேண்டாமென்று தோன்றினால் வளர்க்கக்கூடிய இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். தியவன்னா ஓயாவிலோ கால்வாயிலோ விட்டுவிடுவது இரக்கம் என்று நினைக்காதீர்கள். இப்படி விடப்பட்ட வெளிநாட்டு மீன்களான டேங்க் கிளீனரும் நைஃப் மீனும் நமது நீர்நிலைகளில் பெருகி, ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சாப்பிடாமல் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு வருவோம். "ஒரு மீனுக்காக இவ்வளவா, வேறொன்று வாங்கித் தருகிறேன்" என்று சொல்லாதீர்கள். நபியவர்கள் அபூ உமைரிடம் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து விசாரித்தார்கள். மீனைப் பற்றிப் பிள்ளை பேசட்டும், கேளுங்கள். முற்றத்தில் ஒரு குழி தோண்டிப் புதைக்க விரும்பினால் விடுங்கள், தொழுகையோ துஆ மஜ்லிஸோ மட்டும் வேண்டாம். பிறகு தொட்டியைக் கழுவும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவுகோலைக் கையில் கொடுத்து நீளமும் அகலமும் எடுக்கச் சொல்லுங்கள். உள் அளவா வெளி அளவா என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்பார். மூடி விளிம்பின் மேலே உட்காருவதென்றால் வெளி அளவு, உள்ளே தாங்கியில் உட்காருவதென்றால் உள் அளவில் இரண்டு மில்லிமீட்டர் குறைத்துச் சொல்ல வேண்டும்.

கம்பளை சகோதரியின் ஸகாத் பற்றிய கேள்விக்கு இடம் போதவில்லை. அடுத்த மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.